கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீர்: ஒரு ஞாயிற்றுக்கிழமையின் நிகழ்வு ஆய்வு

2023 பிப்ரவரி 12, தை மாதத்தின் கடைசி ஞாயிறு. காலை பத்தரை மணி இருக்கும். என் அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொள்ளிடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வந்தாள். எதிரே தெரிந்த மணல்திட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை. திடீரென்று கை வழுக்கியது. திரும்பிப் பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் நன்றாக இருக்கிறாள். அப்போது பதினோரு வயது. நடந்ததை நான் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஆனால் திருச்சியில் விடுமுறை என்றாலே முக்கொம்பு, அம்மா மண்டபம், கொள்ளிடக்கரை என்று கிளம்புகிற குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி வளர்ந்தவன்தான். அதனால் அன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது, பிறகு நான் திரும்பப் போய்ப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஓர் இடத்தைத் தவிர்த்துவிட்டு அடுத்த துறையில் இறங்குவார்கள், அங்கேயும் இதே குழி இருக்கலாம்.

இடம் எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளைக்குக் காவிரி என்றே பெயர், வடக்குக் கிளை கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வானது, விட்டால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடிவிடும். காவிரிக்கும் தஞ்சாவூர் வயல்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்றுதான் 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதற்குப் பிறகு கொள்ளிடம் வெள்ளம் போகிற ஆறு. மேட்டூர் நிரம்பி உபரி வந்தால் கரை தொட்டுப் போகும், மற்ற மாதங்களில் அகலமான மணல்வெளியும் நடுவே இரண்டு மூன்று சிறு ஓடைகளும்தான். நாணல் பூத்திருக்கும், மணலில் கை விட்டால் ஈரம், ஒரு முழம் தோண்டினால் ஊற்று. சிறுவயதில் அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம். சித்ரா பௌர்ணமிக்கு நிலாச்சோறு சாப்பிட்டதும் அதே மணலில்தான். எங்களுக்குக் கடற்கரை கிடையாது, இதுதான் கடற்கரை.

மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிய பிறகு தண்ணீர் வடிந்து மணல் வெளியே வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் ஆற்றுக்குப் போக நல்ல காலம். வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. அன்றைக்கு நாங்கள் போனதும் அந்தக் கணக்கில்தான்.

நடந்தது

ஏழு பேர் போனோம். அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களின் இரண்டு குழந்தைகள், என் மனைவி, அம்மா, நான். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கெல்லாம் கரையில் இருந்தோம். அம்மா நாவல் மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஓடையின் அகலம் அந்த இடத்தில் ஐம்பது அடி இருக்கும், ஓட்டம் லேசாகத்தான் இருந்தது. அக்கா ஒரு தடவை கேட்டாள், "தண்ணி ஆழம் இருக்குமாடா?" நான் சொன்ன பதில் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இது நம்ம ஆறுக்கா, எனக்குத் தெரியாத இடமா?"

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். காலுக்குக் கீழே மணல் கெட்டியாகவே இருந்தது, அடியில் கிடந்த சிப்பிகள்கூடத் தெரிந்தன. ஓடையின் நடுப்பக்கம் தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறி, பச்சை கலந்து கருத்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பாசி என்று நினைத்திருப்பேன்.

அவள் எனக்கு இடப்பக்கம் ஓர் அடி முன்னே இருந்தாள். அவள் காலடியில் மணல் உடைந்தது, சறுக்கி, மல்லாந்து விழுந்தாள். சத்தமே இல்லை. கத்தினாள், கூப்பிட்டாள் என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஒரு முறை முகம் மேலே வந்தது, வாய் திறந்திருந்தது, கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன, மறுபடி உள்ளே போனாள். கரையில் இருந்த அக்கா அவள் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்திருக்கிறாள். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மூச்சு வாங்கவே வாய் மேலே வராதபோது எங்கிருந்து கத்துவது? உடம்பு தானாகச் செய்கிற வேலை அது, கைகள் தண்ணீரைக் கீழே அழுத்தும், உதவிக்கு நீளாது. பெரியவர்களுக்கே ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு.

நான் பாய்ந்தேன். எனக்கு நீச்சல் தெரியும், அதே ஆற்றில் கற்றுக்கொண்டது. இரண்டாவது முயற்சியில் அவள் சட்டை கையில் சிக்கியது, முகத்தை மேலே தூக்கிவிட்டேன். பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. முழங்கால் தண்ணீர் இரண்டடி தூரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அங்கே ஏற முடியவில்லை. கால் வைத்தால் மணல் சரிகிறது, கையால் பிடித்தால் பிடி பிடியாகக் கரைந்து வருகிறது. ஏற ஏற விளிம்பு பின்னால் போகிறது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஒன்றும் நிற்காத மணல். எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அக்கா வீட்டுக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார், அவருக்கு நீச்சல் தெரியாது.

அவரை நிறுத்தியது கீழ்ப்பக்கம் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர். "எறங்காதீங்க, அங்கயே நில்லுங்க!" என்று ஒரு குரல். ஓடி வந்தவர் விளிம்புக்கு நாலு அடி முன்னாலேயே நின்று, முழங்கால் போட்டு உட்கார்ந்து, வலையை விரிக்காமல் கட்டாகவே எங்கள் மேல் வீசினார், கயிறு அவர் கையில் இருந்தது. வலைக்கண்ணில் விரல் மாட்டிக்கொண்டது. ஈயக் குண்டுகள் என் தோளில் அடித்தது பிறகு வலித்துத்தான் தெரிந்தது. அவரும் அக்கா வீட்டுக்காரரும் கயிற்றை இழுத்தார்கள், எங்கள் உடம்பின் அடியில் மணல் சரிந்துகொண்டே இருந்தது, ஆனாலும் வெளியே வந்துவிட்டோம்.

பாப்பா இருமினாள், வாந்தி எடுத்தாள், அழுதாள். அந்த அழுகைச் சத்தம் எவ்வளவு நிம்மதியைத் தந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கரைக்கு ஓடி வந்த இரண்டு பேர் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கு, வயிற்றை அமுக்கு என்றார்கள். வலைக்காரர் விடவில்லை. பிறகு மருத்துவரும் அதையே சொன்னார்: வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதால் பயன் இல்லை, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகிற ஆபத்துதான் அதிகம். மூச்சு நின்றிருந்தால் உடனே வாயில் வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், அப்புறம் நெஞ்சை அழுத்த வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும். மூச்சு இருந்து இருமிக்கொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சில மணி நேரமாவது கவனிப்பில் வைக்க வேண்டும்.

இதில் எங்களுக்கு ஒரு சறுக்கல் நேர்ந்தது. வழியில் முதலில் போன கிளினிக்கில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் வந்துவிட்டோம். சாயங்காலம் இருமல் கூடி மூச்சு இரைத்தது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், இரவு முழுக்க ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் போன கொஞ்சம் தண்ணீர் அப்படிச் செய்யுமாம், உடனே தெரியாதாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேண்டும்.

குழி

மறு ஞாயிறு நான் தனியாகப் போனேன். வலைக்காரரைத் தேடிப் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எப்படி இருக்கு தம்பி?" அடுத்த கேள்வி, "அன்னிக்கு மாடு எறங்குற தடத்துல ஏன் எறங்கல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எருமைகள் தினமும் இறங்குகிற தடம் ஒன்று நாங்கள் இறங்கிய இடத்திலிருந்து நூறு அடி மேற்கே இருந்தது. நான் பார்த்ததே இல்லை. "எனக்குத் தெரியாத இடமா" என்று சொன்னவன் கடைசியாக அந்த ஓடையில் இறங்கி எட்டு வருடம் ஆகியிருந்தது.

ஒரு மூங்கில் கழியில் அடிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு இரண்டு பேரும் அளந்தோம், அவர் இடுப்பில் கயிறு கட்டி நான் கரையில் பிடித்துக்கொண்டேன். விளிம்பில் ஒன்றரை அடி. அங்கிருந்து ஓர் எட்டு வைத்தால் நான்கடி, இன்னோர் எட்டில் ஆறு, நாலாவது எட்டில் பத்து. நடுவில் பதின்மூன்று அடிக் கழி முழுதாக உள்ளே போய்விட்டது. நீளவாக்கில் நாற்பது எட்டு. விளிம்பு வளையாமல் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. ஆறு தானாக இப்படிக் கோடு போட்டு வெட்டாது. "மணல் அள்ளுன குழி தம்பி, பொக்லைன் வெட்டுனது" என்றார். அப்புறம் காட்டினார், கரையிலிருந்து சாய்வாக லாரி இறங்கிய தடம் ஒன்று தண்ணீருக்குள் போய் மறைகிறது. பக்கத்தில் சலித்துப் போட்ட கூழாங்கல் குவியலில் புல் முளைத்திருந்தது. நாங்கள் அன்று செருப்பைக் கழற்றி வைத்தது அந்தக் குவியலின் மேல்தான்.

ஆற்று மணலுக்கு அனுமதி கொடுக்கும்போது பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குத்தான் கொடுப்பார்கள். ஒரு மீட்டர் என்றால் மூன்றேகால் அடி, நாங்கள் அளந்தது பதின்மூன்று. யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் யாரையும் சுட்டவில்லை. ஆனால் குழி இருக்கிறது, கழி பொய் சொல்லாது.

முன்பெல்லாம் வெள்ளம் வந்தால் குழி மூடிவிடுமே என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது மணல் வந்துகொண்டிருந்த காலம். 1934-ல் மேட்டூர் அணை முடிந்ததிலிருந்து மேலேயிருந்து வருகிற மணலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெள்ளம் வரும், மணல் அந்த அளவுக்கு வராது. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள், கொள்ளிடம் கரைகொள்ளாமல் ஓடியது. ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல், எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த வெள்ளமும் இந்தக் குழியை மூடவில்லை. அது செய்தது வேறு: விளிம்பின் மேல் வண்டலைப் பூசி இறுக வைத்துவிட்டுப் போனது. மேலே நடந்தால் கெட்டித் தரை மாதிரி இருக்கும். அடியில் வெறும் மணல். பாப்பாவின் காலடியில் உடைந்தது அந்த வண்டல் மேலோடு.

ஏற முடியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் ஆனது. உலர்ந்த மணலைக் குவித்தால் அதிகபட்சம் 34 பாகை போல ஒரு சரிவில் நிற்கும், அதைவிடச் செங்குத்தாக நிற்காது. குழியின் உள்பக்கம் ஏற்கெனவே அந்த எல்லைச் சரிவில்தான் நிற்கிறது, ஒரு காலின் எடை போதும், சரிந்துவிடும். அதிலும் ஆற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் கரை மணலுக்குள் ஊறியிருக்கும் தண்ணீர் ஆற்றை நோக்கி வடிகிறது, அந்தக் கசிவு மணலை உள்ளிருந்து தள்ளுகிறது, நிற்கக்கூடிய சரிவு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதாவது மேட்டூரை மூடித் தண்ணீர் வடிகிற அந்த வாரங்களில்தான் விளிம்புகள் மிகவும் பலவீனமாக இருக்கும். நாங்கள் நல்ல காலம் என்று தேர்ந்தெடுத்ததும் அதே வாரங்களைத்தான். நீச்சல் தெரிந்தவன் மிதக்கலாம், ஏறுவதற்கு நீச்சல் உதவாது.

ஆறு மாறிவிட்டது என்பதற்குப் பெரிய சாட்சிகள் இல்லாமல் இல்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கத்து 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போனது. அதே மாதம் திருவானைக்காவல் பக்கம் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. படுகை தாழ்ந்து போனதும் ஒரு காரணம் என்று அப்போதே பலர் சொன்னார்கள். திருச்சிக்காரர்கள் எல்லாரும் போய் நின்று வேடிக்கை பார்த்தோம், செல்போனில் படம் எடுத்தோம். தூணுக்கடியில் மணல் இல்லை என்றால் என் அக்கா மகளின் காலடியிலும் இருக்காது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

என் தீர்ப்பு

அன்றைய நிகழ்வுக்குக் குழி ஒரு காரணம். ஆனால் எங்களைக் குழிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் ஞாபகம். வெளியூர்க்காரர் யாராவது வந்திருந்தால் பயந்து கரையிலேயே கால் நனைத்திருப்பார், இல்லையென்றால் அந்த வலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை, ஏனென்றால் என் தலைக்குள் ஓர் ஆறு இருந்தது, மெதுவாக ஆழமாகிற, சரிந்து சரிந்து போகிற, முப்பது வருடத்துக்கு முந்தைய ஆறு. அதில்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நீச்சல் தெரியாமல் போனார்கள் என்று கடந்துவிடுவேன். இப்போது வேறு மாதிரி படிக்கிறேன், "உள்ளூர்க்காரர்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று கண் தேடுகிறது.

அரசு என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. மணல் எடுத்து மூடிய ஒவ்வொரு குவாரியின் எல்லையையும் தண்ணீர் வடிந்ததும் அளந்து, மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள், ஒவ்வொரு வருடமும், வெள்ளம் போன பிறகு. "இங்கு குளிப்பது ஆபத்தானது" என்று ரோட்டோரம் ஒரு பலகை வைத்தால் போதாது. அந்தப் பலகை பத்து கிலோமீட்டருக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது. எங்கே குழி என்று அது சொல்வதில்லை, அதனால் யாரும் அதைப் படிப்பதும் இல்லை.

நாங்கள் ஆற்றுக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மா ஒரு வருடம் விடவில்லை, அது நியாயம்தான். பிறகு மெல்ல ஆரம்பித்தோம். இப்போது கழி இல்லாமல் யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. கழி முன்னே, கால் பின்னே, குழந்தைகள் எப்போதும் பெரியவருக்குப் பின்னால்தான். இருபது அடிக் கயிற்றில் காலி ஐந்து லிட்டர் கேன் ஒன்றை, மூடியை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறோம். தண்ணீருக்குள் மனித உடம்பின் எடை மிகக் குறைவு, முகம் மேலே நிற்க ஒரு கேனே போதும், எறிந்துவிட்டு இழுக்கலாம், நீச்சல் தெரியாதவர்கூட எறியலாம். அன்றைக்கும் எங்களிடம் ஒரு கேன் இருந்தது, தண்ணீர் நிறைந்து மரத்தடியில். கருத்த தண்ணீர், ஓட்டமில்லாமல் நிற்கிற தண்ணீர், நேர்கோட்டு விளிம்பு, லாரித் தடம், கூழாங்கல் குவியல், இதில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவோம். மாடு இறங்கும் தடம் எங்கே என்று முதலில் தேடுவோம். மழைக்காலத்திலும் மேட்டூர் திறந்திருக்கும் மாதங்களிலும் கொள்ளிடத்துக்குள் இறங்குவதே இல்லை, முக்கொம்பில் மதகைத் தூக்கினால் காலையில் மணலாக இருந்த இடம் மத்தியானம் ஆறாகிவிடும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையோடு சரி, அங்கே படிகளும் தடுப்புக் கட்டைகளும் தீயணைப்புக்காரர்களும் இருக்கிறார்கள்.

முக்கியமாக, போனதும் அங்கே இருப்பவரிடம் கேட்கிறோம். வலை போடுகிறவர், துணி துவைக்கிறவர், மாடு மேய்க்கிறவர், யாராவது ஒருவர் இருப்பார். "அண்ணே, இந்த வருஷம் எங்க ஆழம்?" என்று கேட்க வேண்டும், "இந்த வருஷம்" என்ற சொல் அதில் அவசியம் இருக்க வேண்டும்.

போன மாசியில் போனபோது பாப்பாதான் கழியைப் பிடித்திருந்தாள். வலைக்காரரும் வந்திருந்தார், அவருக்கென்று அம்மா தனியாக ஒரு பொட்டலம் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தார். இடுப்பில் கயிறோடு அவள் என் பின்னாலிருந்து கழியை நீட்டி ஊன்றி, கோட்டைப் படித்துப் படித்துக் கத்திக்கொண்டே வந்தாள். "ஒண்ணு... ஒண்ணரை... ஒண்ணரை... ரெண்டு, மாமா நில்லுங்க, ரெண்டே முக்கால்." நின்றேன். அந்த இடத்தில் ஒரு நாணல் தட்டையை நட்டுவிட்டுத் திரும்பி, மணலுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.